புதிய தலைமை ஆசிரியர் தன் ஆசிரியர்களின் நம்பிக்கையை எப்படிப் பெறுவது?

அரசு உயர்நிலைப் பள்ளியில் புதிதாகப் பொறுப்பேற்றிருப்பதாகவும், ஸ்டாஃப் ரூமுக்குள் நீங்கள் நுழைந்தாலே பேச்சு நின்றுவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் மேசையின் இந்தப் பக்கம் இருப்பவள். 19 வருடமாகக் கணக்கு டீச்சர், நான்கு ஹெச்.எம்.களைப் பார்த்தாகிவிட்டது.

பேச்சு நிற்பதற்கு நீங்கள் காரணமாக இல்லாமலும் இருக்கலாம். உங்களுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் விட்டுப்போனதாக இருக்கும். என் முதல் பள்ளியில் இருந்தவர் வாயைத் திறந்தாலே "17 ஏ வேணுமா, 17 பி வேணுமா" என்பார். (ஒழுங்கு நடவடிக்கை விதிகள். ஏ சின்ன தண்டனைக்கு, பி பெரிய தண்டனைக்கு.) வகுப்புப் பக்கம் வரமாட்டார். பிள்ளைகளைக் கூப்பிட்டு, "உங்க டீச்சர் இன்னைக்கு என்ன நடத்தினாங்க?" என்று துருவுவார். வருடத்துக்கு 12 நாள் சி.எல். (தற்செயல் விடுப்பு) உண்டு; அதில் ஒன்றைக் கேட்டு அவர் அறை வாசலில் நின்றதை நினைத்தால் இப்போதும் கடுப்பு வரும். விளைவு, யாரும் அவரிடம் உண்மை பேசவில்லை. அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதென்றாலும் எனக்குக் காய்ச்சல் என்றுதான் எழுதிக் கொடுப்பேன்.

அடுத்த பள்ளியில் ஓர் ஆண்டாய்வு. வந்த அதிகாரி என் பாடக்குறிப்பேட்டைப் புரட்டி, இரண்டு வாரம் காலியாகக் கிடப்பதைப் பிடித்துவிட்டார். நான் பதில் சொல்லுமுன் ஹெச்.எம். முந்திக்கொண்டார்: "எமிஸ் பதிவு, உதவித்தொகைக்கு பேங்க் கணக்கு எல்லாத்தையும் டீச்சர் தலையில கட்டினது நான்தான் சார்." (எமிஸ் என்பது மாணவர் விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்.) அது பொய்யில்லை. அதிகாரி போனதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒரு வாரத்துக்கு நான் பொறுப்பு. இன்னொரு வாரம் எங்கேம்மா?"

என்னிடம் பதில் இல்லை. திங்கட்கிழமை காலை குறிப்பேடு அவர் மேசையில் இருந்தது.

நான் கேட்பது இவ்வளவுதான்: அதிகாரி முன்னால் எங்களோடு நில்லுங்கள், திட்டுவதைத் தனியே திட்டுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி சதவீதத்தைக் கூட்டத்தில் பெயர் சொல்லி வாசிக்காதீர்கள். எட்டு வரை யாரையும் ஃபெயிலாக்கக் கூடாது என்பதால் கழித்தல் தெரியாமலே ஒன்பதுக்கு வந்து நிற்கும் பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்புறம், ஆளில்லாத வகுப்புக்கு எப்போதாவது நீங்களே சாக்பீஸோடு போங்கள். மாற்று வகுப்பு என்றால் முணுமுணுக்கும் எங்கள் வாய் தானாக அடங்கும்.

அந்த ஹெச்.எம்.மிடம்தான் ஒருநாள், "பத்து பி என் கைக்கு அடங்கலை சார், வந்து பாருங்க" என்று சொல்ல முடிந்தது. வந்தார். கடைசி பெஞ்சில் இரண்டு பையன்களுக்கு நடுவில் உட்கார்ந்து, பெல் அடிக்கும்வரை என் கணக்கைத் தன் நோட்டில் போட்டுக்கொண்டிருந்தார்.