முதுமலையில் இரண்டு நாள்: புலி தென்படுமா?
வாசகர் கேள்வி - பதில்

கோடை விடுமுறைக்கு நீலகிரியில் உள்ள முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குச் செல்லத் திட்டமிடும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: மார்ச் கடைசியில் காரில் குடும்பத்தோடு கிளம்புகிறோம். 72 வயது அம்மாவும் பத்து வயது மகனும் உடன் வருகிறார்கள். ஊட்டியில் அறை எடுத்துக்கொண்டு, ஒரு நாள் மட்டும் முதுமலை போய் வந்தால் போதுமா? (திருப்பூர் வாசகி)

ஊட்டியில் தங்காதீர்கள். சஃபாரி புறப்படும் இடம் தெப்பக்காடு. ஊட்டியிலிருந்து கூடலூர் வழியாக அது 67 கி.மீ. மலைப்பாதையில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. விலங்குகள் நடமாடும் காலை முதல் சுற்றை நீங்கள் நிச்சயம் தவறவிடுவீர்கள். 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிப் பாதை தூரத்தில் பாதிதான். ஆனால் செங்குத்தான இறக்கம். தொடர்ந்து பிரேக்கை மிதித்தபடி இறங்குவதால் அது சூடேறி, பிடிக்காமல் போய்த்தான் அங்கே விபத்துகள் நடந்திருக்கின்றன. வெளிமாவட்டச் சுற்றுலா வண்டிகளை அந்த வழியில் இறங்க விடுவதில்லை.

மசினகுடியிலோ, தெப்பக்காடு, கார்குடி, அபயாரண்யம் ஆகிய இடங்களில் உள்ள வனத்துறை விடுதிகளிலோ இரண்டு இரவு தங்குங்கள். மசினகுடியிலிருந்து தெப்பக்காடு ஏழெட்டு கி.மீ.தான். முதல் நாள் மாலை ஒரு சுற்று, மறுநாள் காலையும் மாலையும் ஒவ்வொரு சுற்று என மூன்று சுற்றுகள் கிடைக்கும். வனத்துறை வேனில் ஒரு சுற்று ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஒரே ஒரு சுற்றை நம்பி இவ்வளவு தூரம் வருவது வீண். காட்டில் எதையாவது பார்ப்பதற்கு அதிர்ஷ்டத்தைவிட, உள்ளே எத்தனை மணி நேரம் இருந்தீர்கள் என்பதே முக்கியம்.

அம்மாவை வேனின் நடு இருக்கையில் உட்காரவையுங்கள். பின்சக்கரத்துக்கு மேலேயும் பின்னாலும் உள்ள இருக்கைகளில்தான் குலுக்கல் அதிகம். முதுகுவலி உள்ளவர்கள் அதில் பத்து நிமிடம்கூட உட்கார முடியாது. மகனுக்கு ஜன்னலோரம் கொடுங்கள். காலைச் சுற்று முடிந்ததும் தெப்பக்காடு யானைகள் முகாமுக்குப் போய்விடுங்கள். கேழ்வரகும் கொள்ளும் வேகவைத்து, வெல்லமும் உப்பும் சேர்த்துப் பெரிய உருண்டைகளாகப் பிடித்து, பாகன்கள் நேராக யானையின் வாயில் ஊட்டுவார்கள். ஒவ்வொரு யானைக்கும் அதன் வயது, எடை, உடல்நிலைக்கு ஏற்ப அளவு மாறும். அருகில் நின்று பார்த்தால் மகன் அதை மறக்கவே மாட்டான்.

கிளம்புமுன் மூன்று வேலைகள் இருக்கின்றன. நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் எடுங்கள். 2024 மே முதல் அது கட்டாயம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டு எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள். சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக்கைப் பறிமுதல் செய்வதோடு அபராதமும் உண்டு. மூன்றாவதுதான் முக்கியம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காட்டுத்தீக் காலம். ஆபத்து கூடினால் சஃபாரியை நிறுத்திவிடுவார்கள். புறப்படும் முன்தினம் காப்பகத்தின் வரவேற்பு மையத்தில் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

கேள்வி: 2022 கணக்கெடுப்பில் முதுமலையில் 114 புலிகள் என்று படித்தேன். நான்கு முறை போயும் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. கணக்குதான் தவறா? (சேலம் வாசகர்)

கணக்கு சரிதான். ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு இருக்காது. தானியங்கிக் கேமராவில் பதிவான படங்களில் வரிகளை ஒப்பிட்டே தனித்தனியாக எண்ணுகிறார்கள்.

நீங்கள் பார்க்க முடியாததற்கு வேறு காரணங்கள் உண்டு. காப்பகம் மொத்தம் 688 சதுர கி.மீ. அதில் மையப்பகுதி 321. சஃபாரி வேன் ஓடுவது தெப்பக்காட்டைச் சுற்றியுள்ள சில வழித்தடங்களில் மட்டும். அந்தத் தடங்கள் எந்தப் புலிகளின் எல்லைக்குள் வருகின்றனவோ, அவைதான் உங்கள் கண்ணில் பட வாய்ப்புள்ளவை. 114 அல்ல, ஒரு கைவிரல்களுக்குள் அடங்கும் எண்ணிக்கை.

அடுத்தது உண்ணிச்செடி. வேலியோரம் பல நிறப் பூக்களோடு நிற்குமே, அதேதான். வெள்ளைக்காரர் காலத்தில் அழகுக்காகக் கொண்டுவரப்பட்டுக் காட்டுக்குள் பரவிவிட்டது. பல இடங்களில் ஆள் உயரத்துக்கு மேல் புதராக மண்டி நிற்கிறது. பாதையிலிருந்து பத்தடி தள்ளிப் புலி படுத்திருந்தாலும் தெரியாது. அதன் கீழே புல் முளைக்காததால் மான்களும் வேறிடம் தேடுகின்றன. மஞ்சள் பூ பூக்கும் அயல்நாட்டுக் கொன்றை மரமும் இப்படியே பரவுகிறது. அதை வெட்டி, காகித ஆலைக்குக் கூழுக்காக அனுப்பும் வேலை நடந்துவருகிறது. இந்தச் செடிகளை அகற்றுவது பயணிகள் புலி பார்ப்பதற்காக மட்டுமல்ல. புல் திரும்பினால்தான் மானும் காட்டுமாடும் பெருகும். அவை இருந்தால்தான் புலி நிலைக்கும்.

நீங்கள் எந்த மாதங்களில் போனீர்கள் என்று எழுதவில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் எங்கும் பச்சை, எங்கும் தண்ணீர். விலங்குகள் ஓரிடத்துக்கு வர வேண்டிய அவசியமே இல்லை. ஜனவரிக்குப் பிறகு தேக்கும் மற்ற மரங்களும் இலை உதிர்க்கும். ஏப்ரல், மே மாதங்களில் குட்டைகள் வற்றி, தண்ணீர் இருக்கும் சில இடங்களுக்கே எல்லாம் வந்தாக வேண்டும். வெயில் தாங்காமல் புலி பின்பக்கமாகவே நீரில் இறங்கி, கழுத்தளவு அமிழ்ந்து கிடக்கும். அடுத்த முறை கோடையில், மாலைச் சுற்றுக்குப் போய்ப் பாருங்கள்.

கேள்வி: "மான் கத்துகிறது, பக்கத்தில் புலி இருக்கிறது" என்று ஓட்டுநர் சொன்னார். பதினைந்து நிமிடம் காத்திருந்தோம், ஒன்றும் வரவில்லை. இதை எவ்வளவு நம்பலாம்? (நாகர்கோவில் வாசகர்)

எது கத்தியது என்பதைப் பொறுத்தது. புள்ளிமான் கீச்சென்று ஒற்றைக் குரலில் கத்தும். செந்நாய்க்கும் கத்தும், சிறுத்தைக்கும் கத்தும், ஒரு சலசலப்புக்கே மிரண்டும் கத்தும். அது மட்டும் கேட்டால் பாதி நம்புங்கள். மரத்தின் உச்சியிலிருந்து மந்தி ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு கரகரத்த குரலில் விடாமல் எச்சரித்தால் முக்கால் பங்கு நம்பலாம். அது கண்ணால் பார்த்துவிட்டுக் கத்துகிறது. கடமான், உங்கள் பக்கத்தில் மிளா என்பீர்கள், சும்மா கத்தாது. வாலை உயர்த்தி, முன்காலால் தரையைத் தட்டி, "டாங்க்" என்று உலோகத்தில் அடித்ததுபோல் ஒலி எழுப்பும். அது திரும்பத் திரும்பக் கேட்டால் அங்கே புலியோ சிறுத்தையோ இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி, குரல் நகர்கிறதா என்று கவனியுங்கள். முதலில் இடதுபுறம், பிறகு சற்றுத் தள்ளி என்று வந்தால் புலி நடந்துகொண்டிருக்கிறது. அனுபவமுள்ள ஓட்டுநர் குரலை நோக்கி விரட்டமாட்டார். புலி பாதையைக் கடக்கக்கூடிய இடத்துக்கு முன்கூட்டியே போய், இன்ஜினை அணைத்துவிட்டு நிற்பார். குரல் அடங்கிவிட்டால் அது படுத்துவிட்டது, அல்லது போய்விட்டது. உங்கள் விஷயத்தில் நடந்தது அநேகமாக இதுதான். காத்திருப்பது வீணாகாமல் இருக்க ஒரே நிபந்தனை, வண்டிக்குள் யாரும் பேசக்கூடாது. இருபது பேர் இருக்கும் வேனில் இரண்டு பேர் பேசினாலும் போதும், எந்தக் குரலும் காதில் விழாது.

மூக்கையும் தீட்டிக்கொள்ளுங்கள். எல்லை குறிக்கப் புலி மரத்தில் பீய்ச்சும் திரவத்தில் பாசுமதி அரிசிக்கு மணம் தரும் அதே வேதிப்பொருள் இருக்கிறது. காட்டுக்குள் திடீரென்று வெந்த பாசுமதிச் சோற்று மணம் வந்தால், அந்த வழியாக ஒரு புலி அண்மையில் போயிருக்கிறது. சென்ட் பூசிக்கொண்டு வந்தவர்களுக்கு இது கிடைக்காது.

கேள்வி: புலியின் கால்தடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? நாயின் தடம்போலவே இருக்குமா? நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். (மதுரை மாணவி)

நல்ல கேள்வி. முதலில் நகத்தைத் தேடு. நாய், செந்நாய், கழுதைப்புலி இவற்றின் தடத்தில் விரலுக்கு முன்னால் நகம் குத்திய புள்ளி இருக்கும். புலி நடக்கும்போது நகத்தை உறைக்குள் இழுத்துக்கொள்வதால் புள்ளி இருக்காது. அடுத்து, உள்ளங்கால் மெத்தையின் பின்விளிம்பைப் பார். பூனைக் குடும்பத்தில் அது மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். வளர்ந்த ஆண் புலியின் முன்கால் தடம் 13, 14 செ.மீ. அகலம் வரும், சிறுத்தையுடையது பெரும்பாலும் 9 செ.மீ.க்குள் நின்றுவிடும். ஆண் புலியின் பின்கால் தடம் ஏறக்குறைய சதுரம், பெண்ணுடையது சற்று நீளவாட்டம். சேற்றில் பதிந்தது விரிந்து பெரிதாகத் தெரியும், ஏமாந்துவிடாதே. சாலையின் மென்புழுதியில் பதிந்ததே சரியான அளவு. வண்டியை விட்டு இறங்கக்கூடாது என்பதால் இதையெல்லாம் இருக்கையிலிருந்தே பார்க்க வேண்டும். ஒரு தடத்தின் மேல் டயர் தடம் ஓடியிருந்தால் புலி முந்தையது. டயர் தடத்தின் மேல் கால்தடம் இருந்தால் வண்டிக்குப் பிறகு நடந்திருக்கிறது. எவ்வளவு புதியது என்று பாகன்களும் வனக்காவலர்களும் முதலில் பார்ப்பது இதைத்தான்.

கேள்வி: மசினகுடியில் தனியார் ஜீப்பில் "நைட் சஃபாரி" கூட்டிப்போவதாகச் சொல்கிறார்கள். போகலாமா? (ஈரோடு வாசகர்)

போகாதீர்கள். காப்பகத்துக்குள் இரவு சஃபாரிக்கு அனுமதியே கிடையாது. அவர்கள் ஊரையொட்டிய சாலைகளில் ஓட்டி, விலங்கின் கண்ணில் டார்ச் அடித்துக் காட்டுவார்கள். அந்த வெளிச்சத்தில் கண் கூசி யானை மிரளும். குட்டியோடு இருந்தால் பாயும். பிடிபட்டால் வழக்கு உங்கள் மேலும் வரும். மசினகுடி அமைந்துள்ள சீகூர் பீடபூமி மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கும் யானை வழித்தடம். அதைப் பாதுகாக்க வேண்டும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. மறு ஆண்டு ஜனவரியில் மசினகுடி அருகே ஒரு யானையின் மேல் எரியும் டயரை வீசினார்கள். காயத்தோடு அலைந்து அது செத்தது. இரவில் அந்த விலங்குகளை நிம்மதியாக விடுவது நம் கடமை. கூப்பிடுபவர்கள் கேட்கும் பணத்தில் இன்னொரு காலைச் சுற்றே போய்விடலாம்.

கேள்வி: சொந்தக் காரில் பந்திப்பூர் வழியாக மைசூர் போகிறோம். சாலையில் யானை நின்றால் என்ன செய்வது? (கோவை வாசகர்)

அந்தச் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை வாகனங்களுக்குத் தடை. மாலை ஏழரைக்குள் தெப்பக்காட்டைக் கடந்துவிடும்படி கிளம்புங்கள். வேகம் 30 கி.மீ.யைத் தாண்ட வேண்டாம். புள்ளிமான் ஒன்று குறுக்கே ஓடினால் பின்னாலேயே நான்கு வரும்.

யானையைக் கண்டால் நூறு மீட்டருக்கு முன்பே நிறுத்துங்கள். ஹாரன் கூடாது, ஹெட்லைட்டை அணைத்துப் போட்டு மின்னவைக்கக் கூடாது. இன்ஜின் ஓடட்டும், ஆனால் ஆக்சிலேட்டரை மிதித்து உறுமவிடாதீர்கள். பின்னால் வரும் வண்டி ஒட்டிக்கொண்டு நின்றால் நீங்கள் பின்வாங்க இடமிருக்காது. ஆகவே கையைக் காட்டி அதைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் இங்கேதான் சிக்கல் வருகிறது. ஒரு யானை கடந்ததும் கிளம்பிவிடாதீர்கள். கூட்டத்தில் கடைசியாக வருவதற்கும் முன்னே போனதற்கும் நடுவில் புகுந்த வண்டியைத்தான் அது தாக்கும். காதை விரித்துச் சத்தமிட்டு நாலடி ஓடிவந்து நின்றால் பெரும்பாலும் மிரட்டல். துதிக்கையை உள்ளே சுருட்டி, தலையைத் தாழ்த்தி, சத்தமில்லாமல் வந்தால் உண்மையான தாக்குதல். இரண்டிலும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே: நேராகப் பின்னால் எடுங்கள். செல்ஃபிக்காக இறங்குபவர்களைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

கேள்வி: 100-400 லென்ஸ் வைத்திருக்கிறேன். படமெல்லாம் ஆடிப்போகிறது. (சென்னை வாசகர்)

காலை ஆறரை மணி மரநிழலில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 400 போதாது. 1600-லிருந்து 3200 வரை தயங்காமல் ஏற்றி, ஷட்டர் வேகத்தை நொடியில் 500-ல் ஒரு பங்குக்குக் கீழே போகாமல் பாருங்கள். படம் சற்றுப் புள்ளி புள்ளியாக வந்தாலும் சரிசெய்யலாம், ஆடிய படத்தைச் செய்ய முடியாது. வேனில் டிரைபாடுக்கு இடமில்லை. ஒரு காலித் துணிப்பையில் கூடலூரில் இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பி, ஜன்னல் சட்டத்தின் மேல் வைத்து லென்ஸைச் சாய்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குத் திரும்பியதும் சமைத்துவிடலாம். நிற்கும்போது இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள், அதன் அதிர்வே பாதி காரணம். ஃபிளாஷ் வேண்டாம்.

கேள்வி: அந்தப் பக்கம் குரங்குக் காய்ச்சல் வருகிறதாமே? (ஓசூர் வாசகி)

டிசம்பர் முதல் மே வரை உண்ணிகள் மூலம் பரவுவது. வண்டிக்குள் இருக்கும் பயணிக்கு ஆபத்து குறைவு. புல்லில் உட்காராதீர்கள், பேன்ட் நுனியை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள், குளிக்கும்போது கால் மடிப்புகளைப் பாருங்கள். உண்ணி கடித்திருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மெதுவாக இழுங்கள். மண்ணெண்ணெய், தீக்குச்சி எதுவும் கூடாது. திரும்பிய இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் காட்டுக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஒரு தடவையாவது புலியை நன்றாகப் பார்த்துவிட வேண்டும். சென்னையிலிருந்து எங்கே போகலாம்? (தாம்பரம் வாசகர்)

மகாராஷ்டிரத்தின் தடோபா புலிகள் காப்பகம். சென்னை - டெல்லி ரயில் பாதையிலேயே சந்திராபூர் இருக்கிறது. அங்கிருந்து காப்பகத்தின் மொஹர்லி நுழைவாயில் சுமார் 30 கி.மீ. காடு திறந்த வெளியாக, ஏரிக்கரைகளோடு இருப்பதால் பார்வை எட்டும். ஆறு பேர் ஏறும் திறந்த ஜிப்ஸி ஜீப், ஒரு சுற்று நான்கு மணி நேரம் வரை. செவ்வாய்க்கிழமை விடுமுறை, மழைக்காலத்தில் மையக் காடு மூடப்படும். உள்ளே கைப்பேசிக்கு அனுமதி கிடையாது, தனிக் கேமரா வேண்டும். முன்பதிவில் கொடுத்த அடையாள அட்டையின் அசலையே கொண்டுபோங்கள். ஆதார் எண் கொடுத்துவிட்டு ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினால் வாயிலில் திருப்பி அனுப்புவார்கள். டிசம்பர், ஜனவரி என்றால் ஸ்வெட்டரோடு காது மூடும் குல்லாவும் அவசியம், திறந்த வண்டியில் விடிகாலைக் காற்று கண்ணைத் திறக்க விடாது. ஏப்ரலில் போனால் ஈரத் துண்டும் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும். புலியைக் கண்டால் பக்கத்தில் போகும்படி ஓட்டுநரை வற்புறுத்தாதீர்கள். தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி விலங்கிடமிருந்து குறைந்தது 20 மீட்டர், வண்டிக்கும் வண்டிக்கும் 50 மீட்டர் இடைவெளி வேண்டும். பல வண்டிகள் கூடிவிட்டால் 15 நிமிடத்துக்கு மேல் ஒரு வண்டி அங்கேயே நிற்கக்கூடாது. குறைந்தது நான்கு சுற்றுகளுக்குப் பதிவு செய்யுங்கள்.