காப்பகத்திலிருந்து ஒரு மூத்த வேட்டைநாய்: கேள்வி பதில்

அரசு கால்நடை மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற பிறகு, காப்பகங்களிலிருந்து வயதான சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் நாய்களை வீட்டுக்கு அழைத்துச் செல்பவர்களுக்கு இயன்ற உதவியைச் செய்துவருகிறேன். என் வீட்டிலும் அப்படி மூன்று நாய்கள் வாழ்ந்திருக்கின்றன. அண்மையில் வந்த கேள்விகளுள் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி (அம்பத்தூரிலிருந்து ஒரு வாசகி): காப்பகத்தில் ஒரு செவலைச் சிப்பிப்பாறையைப் பார்த்தோம். எட்டு வயது இருக்கும் என்கிறார்கள். அதை நம்பலாமா? இந்த வயதில் வரும் நாய் எங்களிடம் ஒட்டுமா?

பதில்: ஏழு மாதத்துக்குள் நாய்க்கு நிலைப்பற்கள் எல்லாம் முளைத்துவிடும். அதற்குப் பின் பல்லைப் பார்த்துச் சொல்லப்படும் வயது வெறும் மதிப்பீடுதான். சங்கிலியையும் கல்லையும் கடித்துப் பழகிய ஐந்து வயது நாயின் முன்பற்கள் பத்து வயது நாயின் பற்களைப் போலத் தேய்ந்திருக்கும். கண்ணையும் சேர்த்துப் பாருங்கள். ஏழெட்டு வயதுக்கு மேல் கண்வில்லை இறுகி, வெளிச்சத்தில் நீலச் சாம்பலாகத் தெரியும். இது பார்வையைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. பால்போல வெளுத்திருந்தால்தான் கண்புரையா என்று சோதிக்க வேண்டும்.

ஒட்டுமா என்று கேட்டீர்கள். நான் முதலில் அழைத்துவந்த சிப்பிப்பாறைப் பெட்டைக்கு அப்போது ஒன்பது வயது இருக்கலாம். 11 நாட்கள் அது நிலைப்படியைத் தாண்டவில்லை. முன்கால்கள் இரண்டையும் படியின் விளிம்பில் ஒட்டிவைத்து, கழுத்தை மட்டும் உள்ளே நீட்டி, அடுப்படியில் என் மனைவி பாத்திரத்தை நகர்த்தும் ஒவ்வோர் ஓசைக்கும் காதைத் திருப்பியபடி நிற்கும். தோட்டக் காவலுக்கென்றே வளர்ந்த அதற்கு, உள்ளே நுழைந்தால் அடி விழும் என்பது பழக்கத்தில் பதிந்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் நாள் மாலை, மழை பெய்துகொண்டிருந்தபோது, யாரும் அழைக்காமலே உள்ளே வந்து கதவுக்குப் பின்னால் விரித்திருந்த சாக்கில் சுருண்டு படுத்தது. அச்சம் தணிய 3 நாள், வீட்டு நடைமுறை பிடிபட 3 வாரம், உறவு வேரூன்ற 3 மாதம் என்று காப்பகங்களில் ஒரு கணக்குச் சொல்வார்கள். வயதான நாய்க்கு அதற்கு மேலும் ஆகலாம். அதுவரை நெருங்கிச் சென்று கொஞ்சாமல், ஒரே நேரத்தில் உணவும் ஒரே இடத்தில் படுக்கையும் கொடுத்துவந்தாலே போதும்.

கேள்வி (மதுரையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர்): நான் அடுக்குமாடியில் தனியாக இருக்கிறேன். ஓட்டத்துக்குப் பெயர்போன நாய்க்கு இது சிறையாகிவிடாதா?

பதில்: ஆகாது, ஐயா. இவை முயலை விரட்டும்போது அம்பாகப் பாயும். மற்ற நேரத்தில் படுத்தே கிடக்கும். வயதான பிறகு காலையும் மாலையும் அரைமணி நேர நடை போதும். கோடையில் தார்ச்சாலை சுடுவதற்கு முன், காலை ஆறு மணிக்கே அதை முடித்துவிடுங்கள். உண்மையான இடர் உங்கள் வீட்டின் வழவழப்பான தரையில்தான் இருக்கிறது. இந்த நாய்களுக்குக் கொழுப்பும் கிடையாது, தோலும் மெல்லியது. வெறும் தரையில் படுத்தால் முழங்கை காய்த்துப்போய், நாளடைவில் அங்கே நீர் கோத்துப் புண்ணாகிவிடும். பழைய பருத்திப் புடவைகளை அடுக்கித் தைத்த மெத்தை ஒன்றும், அது நடக்கும் வழியெல்லாம் தென்னைநார் மிதியடியும் போட்டுவையுங்கள்.

கேள்வி (கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பதி): அழைத்து வந்ததும் என்னென்ன பரிசோதனை செய்ய வேண்டும்?

பதில்: காப்பகம் தரும் தடுப்பூசி அட்டையில் வெறிநோய்த் தடுப்பூசி போட்ட நாள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; இல்லையென்றால் அதைத்தான் முதலில் போட வேண்டும். அடுத்தது இரத்தம். நம் ஊரில் தெருவிலும் காப்பகத்திலும் இருந்த நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் உள்ளே பதுங்கியிருப்பது மிகவும் சாதாரணம். அதை உண்டாக்கும் எர்லிக்கியா, பபீசியா ஆகிய இரண்டு கிருமிகளுக்கும், கொசு பரப்பும் இதயப்புழுவுக்கும் சேர்த்தே சோதிக்கச் சொல்லுங்கள். வயதான நாய் என்பதால் சிறுநீரகம், கல்லீரல் அளவுகளும் சிறுநீர்ப் பரிசோதனையும் கட்டாயம் வேண்டும்.

பலரும் கவனிக்காத செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். பார்வையால் வேட்டையாடும் ஒல்லி நாய்களின் இரத்தம் மற்ற நாய்களின் இரத்தத்தைப் போன்றதன்று. பந்தய ஓட்டத்துக்குப் பெயர்போன வெளிநாட்டு நாயான கிரேஹவுண்ட் இனத்தில், இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 முதல் 65 விழுக்காடு வரை இருக்கும். பிற நாய்களில் அது ஏறத்தாழ 37 முதல் 55 தான். ஆகவே 40 என்று வரும் அறிக்கையைப் பார்த்து, அச்சிட்ட வரம்புக்குள் இருப்பதால் நலம் என்று முடிவு கட்டினால், உண்மையில் இருக்கும் இரத்தசோகை கண்ணில் படாமல் போய்விடும். அதேபோல் இவற்றுக்குத் தைராய்டு சுரப்பு இயல்பாகவே குறைவு. அதை நோயென்று எண்ணி ஆயுள் முழுதும் மாத்திரை கொடுத்துவிடக் கூடாது. சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் அதே உடல்வாகு என்பதால், இனத்தைச் சொல்லி அறிக்கையைப் படிக்கச் சொல்லுங்கள்.

பெட்டையாக இருந்து கருத்தடை செய்யப்படாதிருந்தால், மடிக்காம்புகளை ஒவ்வொன்றாகத் தடவிக் கட்டி இருக்கிறதா என்று பாருங்கள். பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதங்களுக்குள் அது அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தாலோ, சோர்ந்து படுத்தாலோ, கருப்பையில் சீழ் கோத்திருக்கக்கூடும். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், மறுநாளுக்குத் தள்ளக் கூடாது. வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைக் கொடுத்துவிடாதீர்கள். வயிற்றில் புண்ணாகிச் சிறுநீரகம் பழுதாகி இறந்த நாய்களை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (சேலத்திலிருந்து ஒரு வாசகர்): பற்களெல்லாம் காறை பிடித்து வாய் நாறுகிறது. பத்து வயதில் மயக்க மருந்து கொடுத்துச் சுத்தம் செய்யலாமா?

பதில்: செய்யலாம், செய்யவும் வேண்டும். அழுகிய பல்லோடு இருக்கும் நாய்க்கு ஒவ்வொரு வேளைச் சோறும் வலிதான். வயது மட்டுமே தடையாகாது, முன்கூட்டியே இரத்தமும் இதயமும் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் தயோபென்டோன் வகை மயக்க மருந்தைக் கிரேஹவுண்ட் போன்ற நாய்களின் கல்லீரல் மிக மெதுவாகவே சிதைக்கும், அதனால் மணிக்கணக்கில் தெளியாமல் கிடக்கும். அந்த மருந்து வேண்டாம் என்று முன்பே பேசிவிடுங்கள். உடம்பில் கொழுப்பு இல்லாததால் மேசையில் படுத்திருக்கும்போதே உடல் குளிர்ந்துவிடும். ஒரு கம்பளியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி (திருநெல்வேலியிலிருந்து ஒரு இல்லத்தரசி): எங்கள் வீட்டில் பூனையும் ஐந்தாறு கோழிகளும் இருக்கின்றன. வயதாகிவிட்டதால் விரட்டாது என்கிறார்களே?

பதில்: அதை நம்பாதீர்கள், அம்மா. மூட்டு தேய்ந்த நாயும் கோழி படபடத்தால் ஒரு நொடி தன் வலியை மறந்துவிடும். கோழிகளை வலைக்கூண்டுக்குள்ளேயே வைத்திருங்கள். பூனையை முதல் சில வாரங்கள் தனி அறையில் வைத்து, பிறகு நாயைக் கயிற்றில் பிடித்தபடி தொலைவிலிருந்தே காட்டுங்கள். பூனையைக் கண்டதும் உடல் விறைத்து, கண் இமைக்காமல் பார்த்து, நீங்கள் கூப்பிட்டால் காது கொடுக்காமல் நின்றால், இரண்டையும் ஒன்றாக விடவே கூடாது. கழுத்துப் பட்டையிலும் கவனம் தேவை. இந்த நாய்களின் தலை கழுத்தைவிடக் குறுகலாக இருப்பதால் சாதாரணப் பட்டையிலிருந்து பின்னோக்கி இழுத்து நழுவிவிடும். இழுத்தால் இறுகும் அகலமான துணிப்பட்டையோ மார்போடு சேர்த்துக் கட்டும் வாரோ வாங்குங்கள்.

கேள்வி (விருதுநகரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்): எங்களிடம் வந்திருக்கும் வெள்ளை ராஜபாளையம் கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. பிடிவாதமா?

பதில்: பிடிவாதமாக இருக்க வாய்ப்பில்லை, தம்பி. உடல் முழுதும் வெளுத்து மூக்கு இளஞ்சிவப்பாக இருக்கும் இந்த இனத்தில் பிறவிச் செவிடு இருப்பது அறியப்பட்ட ஒன்று. அதற்கு மேல் முதுமையும் செவியை மங்கச் செய்யும். அது தூங்கும்போது அடுத்த அறையில் எவர்சில்வர் தட்டு ஒன்றைத் தட்டிப் பாருங்கள். காது அசையவில்லையென்றால் அன்றிலிருந்தே கைச்சாடையால் பழக்குங்கள்: உள்ளங்கையைக் காட்டினால் உட்கார், கையை மார்புக்கு இழுத்தால் வா. தூங்கும்போது பின்னாலிருந்து தொடாமல், படுக்கை அருகே தரையைக் காலால் மெல்லத் தட்டி எழுப்புங்கள். திடுக்கிட்டு விழிக்கும் நாய் கடித்துவிடும். அது நாயின் குற்றமன்று.

கேள்வி (புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகி): சோற்றில் என்ன சேர்க்கலாம்?

பதில்: வெங்காயமும் உப்பும் இல்லாமல் வேகவைத்த கோழி, முட்டை, பூசணி, கொஞ்சம் சோறு. வேகவைத்த எலும்பு வேண்டவே வேண்டாம். கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் தெரிவதுதான் இவற்றுக்கு நல்ல உடல்நிலை என்பதால், பக்கத்து வீட்டார் பட்டினி போடுவதாகச் சொன்னாலும் கொழுக்கவிடாதீர்கள். ஆழ்ந்த மார்புள்ள நாய்க்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. உணவை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுத்து, அதன் பின் ஒரு மணி நேரம் ஓடவிடாதீர்கள். வாந்தி வராமலே குமட்டி, வயிறு முரசுபோல் உப்பினால், இரவானாலும் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கேள்வி (தஞ்சாவூரிலிருந்து ஒரு தந்தை): பதினோரு வயது நாயை எடுக்க நினைக்கிறோம். சீக்கிரம் இறந்துவிட்டால் குழந்தைகள் உடைந்துபோவார்களே?

பதில்: அழைத்துவருவதற்கு முன்பே குழந்தைகளிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்: இது தாத்தா வயது நாய், நம்மோடு சில காலம்தான் இருக்கும் என்று. அதற்குப் பிடித்த நான்கைந்து செயல்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். உண்பது, வாசலில் வெயில் காய்வது, உங்களைக் கண்டு வாலாட்டுவது என்று எதுவாகவும் இருக்கலாம். மருந்தும் சிகிச்சையும் கொடுத்த பிறகும் அவற்றுள் பெரும்பாலானவை நின்றுவிட்டால், மருத்துவரோடு கடைசி முடிவைப் பற்றிப் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது என்று அறியுங்கள். நிலைப்படியில் நின்ற அந்தப் பெட்டை என்னோடு வாழ்ந்தது 2 ஆண்டுகள் 4 மாதங்கள். கடைசி வாரத்திலும் மாலை ஐந்தரைக்கு நடைக்குப் புறப்பட வாசலில் வந்து நின்றது. எழுந்து வர இயலாத நாளில், என் கையால் செய்ய மனம் வராமல், நண்பரான மருத்துவரை வீட்டுக்கு அழைத்தேன். அந்தச் சாக்கின் மேலேயே, என் மனைவியின் மடியில் தலைவைத்தபடி அது கண்மூடியது.