கண்கண்ட சாட்சி இல்லாத கடத்தல் வழக்கு: விசாரணையைக் கவனிக்க விரும்புவோரின் கேள்விகள்

கடத்தியதை நேரில் பார்த்த சாட்சி இல்லாமல், சூழ்நிலைச் சான்றுகளை மட்டும் நம்பி நடக்கும் கடத்தல் வழக்குகளை நீதிமன்றத்தில் அமர்ந்து கவனிக்க விரும்பும் வாசகர்கள் சிலர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டாலும், அதற்கு முன் நடந்த குற்றங்களுக்கு இந்திய தண்டனைச் சட்டமே பொருந்தும் என்பதால், இன்னும் சில ஆண்டுகளுக்கு நீதிமன்றங்களில் பழைய எண்களும் புதிய எண்களும் கலந்தே உங்கள் காதில் விழும்.

வழக்கில் எந்தத் தொடர்பும் இல்லாத நான் விசாரணையைப் பார்க்கப் போகலாமா?

போகலாம். குற்ற வழக்கு விசாரணை திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்க வேண்டும் என்பது சட்டத்தின் பொது விதி. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 327 சொன்னதை இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 366 சொல்கிறது. கடத்தலோடு பாலியல் குற்றச்சாட்டும் சேர்ந்திருந்தால் விசாரணை மூடிய அறையில் நடக்கும். அப்போது அனுமதி கிடைக்காது. கைபேசியை அணைத்துவிட்டுப் பின்வரிசையில் அமருங்கள். இன்னும் சாட்சியம் அளிக்காத சாட்சிகளை வெளியே காத்திருக்கச் சொல்வார்கள். அவர்களிடம் போய் உள்ளே நடந்ததைப் பேசிவிடாதீர்கள், அது வழக்கையே பாதிக்கும்.

நேரில் பார்த்தவர் இல்லையென்றால் வழக்கு பலவீனமானதுதானே?

எனக்கு வந்த கடிதங்களில் பாதி இதைத்தான் கேட்கின்றன. சூழ்நிலைச் சான்று தன்னளவில் தாழ்ந்த சான்று அன்று. ஆனால் அதற்கு நீதிமன்றம் வைத்திருக்கும் சல்லடை மிக நுண்ணியது. 1984-இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்து நிபந்தனைகளை வகுத்தது. ஒவ்வொரு சூழ்நிலையும் முழுமையாக மெய்ப்பிக்கப்பட வேண்டும். அவை அனைத்தும் குற்றம் சாட்டப்பட்டவரே செய்தார் என்ற முடிவோடு மட்டும் பொருந்த வேண்டும். அவை ஐயம் விட்டுவைக்காத தன்மை கொண்டவையாக இருக்க வேண்டும். வேறு எந்த விளக்கத்துக்கும் இடம் இருக்கக் கூடாது. இந்தச் சூழ்நிலைகள் சேர்ந்து உருவாகும் சங்கிலியில் கண்ணி எதுவும் அறுந்திருக்கக் கூடாது. ‘செய்திருக்கலாம்’ என்பதற்கும் ‘செய்தே இருக்க வேண்டும்’ என்பதற்கும் உள்ள தூரத்தை அந்தத் தீர்ப்பு அழுத்திச் சொல்கிறது. அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை ஆனார்.

இந்தச் சங்கிலி எப்படிக் கோக்கப்படுகிறது என்பதற்கு, அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1935-இல் நடந்த லிண்ட்பெர்க் குழந்தைக் கடத்தல் வழக்கை நான் அடிக்கடி எடுத்துக்காட்டுவேன். 1932 மார்ச் 1 இரவு, விமானி சார்லஸ் லிண்ட்பெர்க்கின் ஆண் குழந்தை மாடி அறையிலிருந்து காணாமல் போனது. தூக்கிச் சென்றதைப் பார்த்தவர் எவரும் இல்லை. பணயத் தொகையாக 50,000 டாலர் கொடுக்கப்பட்ட பிறகும் குழந்தை பிணமாகத்தான் கிடைத்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு புரூனோ ஹாப்ட்மன் என்ற தச்சரின் வண்டிக் கொட்டகையில் அந்தப் பணத்தில் 14,000 டாலருக்கு மேல் சிக்கியது. இறந்துபோன நண்பர் ஒருவர் விட்டுச் சென்ற பணம் என்றார் அவர். பணத்துக்கு அப்படி ஒரு விளக்கம் இருக்கக்கூடும். ஆனால் லிண்ட்பெர்க் வீட்டருகே கிடந்த மர ஏணியை ஆராய்ந்த மர வல்லுநர் ஆர்தர் கோலர், அதன் ஒரு பக்க மரச்சட்டம் ஹாப்ட்மன் வீட்டுப் பரண் தரைப் பலகையிலிருந்து அறுக்கப்பட்டது என்று சாட்சியம் அளித்தார். மரச்சட்டத்தில் இருந்த நான்கு ஆணித் துளைகளும் பரணின் குறுக்கு விட்டங்களில் இருந்த துளைகளோடு பொருந்தின என்பதும், மரத்தின் ரேகைகள் ஒத்துப்போயின என்பதும் அவர் காட்டிய காரணங்கள். பணத்துக்குச் சொன்ன விளக்கம் ஏணிக்கு உதவவில்லை. அந்த மரச் சான்றைப் பற்றி இன்றும் வாதிடுவோர் இருக்கிறார்கள். விசாரணை நடந்த நாட்களில் நீதிமன்றத்துக்கு வெளியே சிறிய மர ஏணிகளை நினைவுப்பொருளாக விற்றார்கள். ஒரு குழந்தையின் சாவு வேடிக்கையாக மாறியதை நினைக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது.

“கடைசியாக அவரோடுதான் பார்த்தார்கள்” என்று ஒரு கடைக்காரர் சாட்சி சொன்னார். அது போதாதா?

போதாது. இந்த இடத்தில் நேரத்தைக் கணக்கிடுங்கள். சேர்ந்து காணப்பட்ட நேரத்துக்கும் குழந்தை காணாமல் போனதாகத் தெரிந்த நேரத்துக்கும் இடைவெளி குறுகியதாக இருந்தால்தான், இடையில் வேறொருவர் புகுந்திருக்க முடியாது என்று சொல்ல இயலும். பதினைந்து நிமிடம் என்றால் ஒரு கதை, ஐந்து மணி நேரம் என்றால் வேறு கதை. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தெருவிளக்கு எத்தனை அடி தள்ளி இருந்தது, அன்று கடையை எத்தனை மணிக்கு அடைத்தீர்கள் என்று சலிப்பூட்டும் வகையில் கேட்டுக்கொண்டே போவார். பார்வையாளர்கள் தேநீர் குடிக்க எழுந்து போகும் நேரமும் அதுவே. தயவுசெய்து அப்போது எழாதீர்கள். வழக்கின் உயிர் பெரும்பாலும் அந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது.

தனக்கு மட்டுமே தெரிந்ததைக் குற்றம் சாட்டப்பட்டவர்தான் விளக்க வேண்டும் என்ற விதி (பழைய சாட்சியச் சட்டம் பிரிவு 106, புதிய சட்டத்தில் 109) இருப்பது உண்மைதான். ஆனால் அரசுத் தரப்பின் முதற்கடமையை அது குறைத்துவிடாது என்று 1956-இல் சம்பு நாத் மெஹ்ரா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அவர் வாய் திறக்கவில்லை என்பதாலேயே அறுந்த கண்ணி சேர்ந்துவிடாது.

போலீஸிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாராமே? பிறகு எதற்கு விசாரணை?

காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. அந்த வாக்குமூலத்தின் விளைவாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புடைய பகுதி மட்டும் சான்றாகும். புலுக்குரி கோட்டையா வழக்கில் பிரிவி கவுன்சில் (ஆங்கிலேயர் ஆட்சியில் இந்திய வழக்குகளுக்கான இறுதி மேல்முறையீட்டு மன்றம்) வகுத்த இந்த எல்லையை நீதிமன்றங்கள் இன்றும் பின்பற்றுகின்றன. “கிணற்றடியில் பையைப் புதைத்து வைத்திருக்கிறேன்” என்பது ஏற்கப்படும். “குழந்தையைக் கடத்திய அன்று புதைத்தேன்” என்றால் கடத்தியதைச் சொல்லும் சொற்கள் வெட்டப்படும். கைப்பற்றுதல் மகஜரில் (பொருளைக் கைப்பற்றியதைப் பதிவு செய்யும் ஆவணத்தில்) கையெழுத்திட்ட சாட்சிகள் கூண்டில் ஏறும் நாளைத் தவறவிடாதீர்கள். அவர்கள் அந்த இடத்துக்கு உண்மையிலேயே போனார்களா, காவல் நிலையத்தில் வைத்துக் கையெழுத்திட்டார்களா என்பது அன்று தெரிந்துவிடும்.

கைபேசிக் கோபுர விவரம் ஆளையே காட்டிக்கொடுத்துவிடும் இல்லையா?

அது கைபேசி எந்தக் கோபுரத்தோடு இணைந்திருந்தது என்பதைச் சொல்லும். நின்ற இடத்தைத் துல்லியமாகச் சொல்லாது. ஊருக்கு வெளியே ஒரே கோபுரத்தின் எல்லை சில கிலோமீட்டர் தூரம்கூட விரியும். கைபேசி யார் கையில் இருந்தது என்பதையும் தனியே மெய்ப்பிக்க வேண்டும். மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்தால் உரிய சான்றிதழும் கட்டாயம் என்பதை 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது.

பணயத்தொகை கேட்டாலே ஆயுள் தண்டனைதானா?

கேட்டது மட்டும் போதாது. பழைய பிரிவு 364ஏ-யின்படி (புதிய சட்டத்தில் 140(2)) மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்க, கடத்தலும் பணயக் கோரிக்கையும் தவிர, கொன்றுவிடுவேன் அல்லது காயப்படுத்துவேன் என்ற மிரட்டலோ, அந்த அச்சத்தை நியாயமாக எழுப்பும் நடத்தையோ, உண்மையான காயமோ நிரூபிக்கப்பட வேண்டும். 2021-இல் ஷேக் அகமது வழக்கில் இந்த ஒன்று நிரூபிக்கப்படாததால், உச்ச நீதிமன்றம் தண்டனையைச் சாதாரணக் கடத்தலுக்கான பிரிவு 363-க்கு மாற்றியது. அதன் உச்ச வரம்பு ஏழு ஆண்டுகள்.

சாட்சி பிறழ்ந்துவிட்டால் வழக்கு முடிந்ததா?

இல்லை. பிறழ் சாட்சியின், அதாவது முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொல்பவரின், சாட்சியத்திலும் நம்பத்தகுந்த பகுதியை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம்.

நான் பார்த்ததை முகநூலில் எழுதலாமா?

திறந்த நீதிமன்றத்தில் நடந்ததை நேர்மையாக எழுதலாம். ஆனால் குழந்தையின் பெயர், படம், பள்ளி, முகவரி எதுவும் வரக் கூடாது. பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டால், சிறார் நீதிச் சட்டம் பிரிவு 74-இன்படி ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். உறவினரில் யார்மீதாவது உங்களுக்கு ஊகம் இருந்தால் அதையும் எழுத வேண்டாம். ஏற்கெனவே உடைந்துபோன ஒரு குடும்பம் அதைப் படிக்கும். நேரில் போக முடியாத நாட்களில், வழக்கின் தனி அடையாளமான, எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க சிஎன்ஆர் எண்ணை இ-கோர்ட்ஸ் தளத்தில் இட்டு அடுத்த வாய்தா தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்; தீர்ப்பு பதிவேற்றப்பட்டால் அதே இடத்தில் கிடைக்கும். தண்டனை எழுதப்பட்ட கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல், ஒவ்வொரு சூழ்நிலையையும் நீதிபதி தனித்தனியே எடைபோட்டிருக்கும் நடுப்பக்கங்களிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.