பலூன் ஹீலியத்தை மூழ்குவதற்கு வாங்கலாமா?

கேள்வி: 60 மீட்டர் ஆழத்துக்கான ட்ரைமிக்ஸ் (ஆக்சிஜன், நைட்ரஜன், ஹீலியம் கலந்த சுவாச வாயு) மூழ்கல் பயிற்சியை முடித்துவிட்டேன். வாயு விற்பனையாளரிடம் 5.0, 4.6 என்ற இரு தரங்களில் ஹீலியம் இருக்கிறது. பலூனுக்கு விற்பது இவற்றைவிட மலிவு. எல்லாம் ஹீலியம்தானே, மலிவானதை வாங்கினால் என்ன?

பதில்: பலூன் வாயு வேண்டாம், 4.6 தரமே போதும். முதல் இலக்கம் எத்தனை ஒன்பதுகள் என்பதையும், அடுத்தது அவற்றைத் தொடரும் இலக்கத்தையும் குறிப்பதால், 4.6 என்பது 99.996 சதவீதம், 5.0 என்பது 99.999 சதவீதம். எஞ்சும் மாசு பத்து லட்சத்தில் 40 பங்கு அல்லது 10 பங்கு. அதுவும் பெரும்பாலும் நைட்ரஜன், நியான், சிறிது ஈரம். இந்த வேறுபாடு ஆய்வகக் கருவிக்கு முக்கியம், மூழ்குபவரின் நுரையீரலுக்கு அல்ல.

பலூன் வாயுவிலோ பலவேளை காற்றைக் கலந்திருப்பார்கள். சிறிய சிலிண்டர்கள் சிலவற்றில் ஹீலியம் 80 சதவீதம் மட்டுமே. 18 சதவீத ஆக்சிஜனும் 45 சதவீத ஹீலியமும் கொண்ட கலவையை 200 பார் அழுத்தத்துக்கு நிரப்ப 90 பார் ஹீலியம் வேண்டும். அந்த 90 பாரையும் இத்தகைய வாயுவால் நிரப்பினால், ஹீலியம் 36 சதவீதமாகக் குறைந்து, நைட்ரஜன் 37-இலிருந்து 44 சதவீதமாகும். ஆக்சிஜனும் 20 சதவீதத்தை நெருங்கி, 60 மீட்டரில் அதன் பகுதி அழுத்தம் (மொத்த அழுத்தத்தில் அதன் பங்கு) 1.4 பார் என்ற வழக்கமான எல்லையைத் தொட்டுவிடும். ஆழத்தில் நைட்ரஜன் தரும் போதை போன்ற மயக்கம் கூடும், பாதுகாப்பு இடைவெளி போய்விடும். மாறாக, காற்றே கலக்காத பலூன் சிலிண்டரும் உண்டு. அதில் வாய் வைத்து உறிஞ்சுபவர் சில நொடிகளில் நினைவிழப்பார்.

தரத்தைப் பற்றிக் கேட்கும் பலர் ஹீலியத்தோடும் ஆக்சிஜனோடும் கலவையில் சேரும் கம்ப்ரசர் காற்றைப் பற்றிக் கேட்பதில்லை என்பதுதான் எனக்குப் பெருங்கவலை. சுவாசக் காற்றுக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 12021 கார்பன் மோனாக்சைடைப் பத்து லட்சத்தில் 5 பங்குக்குள் நிறுத்துகிறது. அந்த 5 பங்கே 60 மீட்டரில், 7 பார் அழுத்தத்தில், மேற்பரப்பில் 35 பங்குக்குச் சமமாகும். கம்ப்ரசரின் காற்றிழுக்கும் குழாய் டீசல் புகைக்கு அருகே இருந்தால் எந்த 5.0 ஹீலியமும் உங்களைக் காப்பாற்றாது. ஆக்சிஜனோடு கலக்கும் காற்றில் எண்ணெய் ஒரு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். மிகுந்தால் நிரப்பும்போதே தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

ஆகவே சோதனைச் சான்றிதழுள்ள ஹீலியத்தை வாங்கி, கம்ப்ரசரின் காற்றுப் பரிசோதனை அறிக்கையையும் கேளுங்கள். வால்வு திறந்தபடி முழுக்கக் காலியாகத் திரும்பிய சிலிண்டரை ஏற்காதீர்கள். ஈரக் காற்று உள்ளே புகுந்திருக்கும். நிரப்பியபின் ஆக்சிஜன், ஹீலியம் இரண்டையும் நீங்களே அளந்து, அளவையும் தேதியையும் அதிகபட்ச ஆழத்தையும் நாடாவில் எழுதிச் சிலிண்டரின் கழுத்தருகே ஒட்டுங்கள்.