பிஸ்டன் ரிங் வாங்கும் முன் சிலிண்டர் போரை அளங்க: சிங்கப்பூர் பைக் எஞ்சின் கேள்வி பதில்

ஈசூன் வாசகர்: அண்ணே, காலையில ஸ்டார்ட் பண்ணினதும் நீலப் புகை. கொஞ்ச நேரத்துல நின்னுடுது. ரிங் போயிடுச்சா?

புகை நின்னுடுதுன்னா முதல் சந்தேகம் வால்வ் சீல் மேல. ராத்திரி வால்வ் தண்டு வழியா கசிஞ்ச ஆயில்தான் காலையில எரியுது. ரிங் தேய்ஞ்சா திராட்டில் முறுக்கும்போதெல்லாம் புகை வரும். கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள்ள அழுத்தம்) அளந்துட்டு, பிளக் ஓட்டையில ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளங்க. நல்லா ஏறினா ரிங்கோ போரோ (சிலிண்டரோட உள்துளை) தேய்ஞ்சிருக்கு.

உட்லண்ட்ஸ் வாசகர்: ஜொகூர்ல 0.50 மில்லிமீட்டர் பெரிய அளவு ரிங் மலிவா கிடைக்குது. சிலிண்டரைப் போர் பண்ணாமலே (கடைஞ்சு பெரிசாக்காமலே) போட்டா இறுக்கமா நிக்கும்னு கூட்டாளி சொல்றான்.

கூட்டாளியோட வண்டியில முதல்ல போட்டுப் பார்க்கச் சொல்லுங்க! 0.25, 0.50 எல்லாம் சிலிண்டரை அந்த அளவுக்குப் போர் பண்ணி, அதே அளவு பிஸ்டனும் போடுறவங்களுக்கு. முனையை அரம் போட்டுக் குறைச்சு நுழைச்சாலும், வட்டம் சரியா ஒட்டாம ஆயில் மேலேறும். பிஸ்டன் தலையில என்ன எண் குத்தியிருக்குன்னு பார்த்து வாங்குங்க. எங்க வாங்கினாலும் சரி.

அல்ஜூனிட் வாசகர்: ரிங் கேப், அதாவது ரிங்கோட முனை ரெண்டுக்கும் நடுவுல உள்ள இடைவெளி, எப்படிப் பார்க்கிறது?

இதுதான் எல்லாத்தையும் சொல்லிடும். ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள்ள விட்டு, பிஸ்டனைத் தலைகீழாப் பிடிச்சு நேரா தள்ளுங்க. சாய்ஞ்சிருந்தா அளவு பொய். முனைகளுக்கு நடுவுல ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விடுங்க. 50 மில்லிமீட்டர் போருக்கு மேல் ரிங்குல 0.15 முதல் 0.30 வரை பொதுவாச் சரி. மேனுவல்ல வேற இருந்தா அதையே வச்சுக்கோங்க. குறைவா இருந்தா சூட்டுல முனை ரெண்டும் முட்டி, போரைக் கீறிடும். மெல்லிய அரத்தால வெளிப்பக்கத்துல இருந்து உள்நோக்கி மட்டும் தேய்ங்க.

பிறகு அதே ரிங்கை ஓட்டம் படாத அடிப்பகுதியிலயும், மேல ரிங் திரும்புற இடத்துலயும் வச்சு அளங்க. போர் விட்டம் 0.1 மில்லிமீட்டர் தேய்ஞ்சா கேப் 0.3 கூடும். வித்தியாசம் அவ்வளவு இருந்தா புது ரிங் வீண் செலவு, போர் பண்ணத்தான் வேணும்.

தெம்பனிஸ் வாசகர்: என்னுது டூ ஸ்ட்ரோக். மூணு ரிங் கேப்பையும் 120 டிகிரி தள்ளி வைக்கணுமா?

அது ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு. டூ ஸ்ட்ரோக்ல பெரும்பாலும் ரெண்டே ரிங். பிஸ்டன்ல ரிங் உட்காருற காடியில சின்ன முளை இருக்கும், முனை ரெண்டும் அதைச் சுத்தி உட்காரணும். சிலிண்டரை இறக்கும்போது திருகாதீங்க. முனை போர்ட்டுல (சிலிண்டர் சுவர்ல உள்ள திறப்பு) மாட்டி ஒடிஞ்சா பிஸ்டனும் காலி.

ஜூரோங் வெஸ்ட் வாசகி: எழுத்துப் பொறிச்ச பக்கம் மேலயா கீழயா? அப்புறம் ரன்னிங், புது ரிங் போட்டதும் முதல்ல எப்படி ஓட்டணும்?

மேல, தங்கச்சி. ஆயில் ரிங்ல நெளிவான ஸ்பேசர் முனை ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம பாருங்க. போரை ஹோன் பண்ணினா (கல்லால லேசா உரசினா) சூடான சோப்புத் தண்ணியில கழுவணும், வெறும் பெட்ரோல் பொடியை எடுக்காது. வண்டியைச் சும்மா ஐடிலிங்ல விடாதீங்க. பிஐஇ விரைவுச்சாலையில ஒரே வேகத்துலயும் போகாதீங்க. ஏத்தி இறக்கி ஓட்டினாத்தான் ரிங் போர்ல படியும்.

பிடோக் வாசகர்: 2002-ல பதிவான வண்டிக்கு இவ்வளவு செலவு தேவையா?

2003 ஜூலை 1-க்கு முன்னால பதிவானது 2028 ஜூன் 30 வரைக்கும்தான் ரோட்டுல ஓடலாம். கேப் சரியா இருந்தா ரிங் மட்டும் போடுங்க. போர், புது பிஸ்டன்னு போனா நான் யோசிப்பேன்.