பழைய இத்தாலிய ஜிடி கார்களில் (நெடுந்தூரம் வேகமாகவும் சொகுசாகவும் போகிற கார்கள்) பொறியியலில் சிறந்தது எது? ஃபெராரிதானே?

கேள்வியிலேயே பதிலையும் வைத்துவிட்டீர்கள். மெக்கானிக்கல் படிக்கிறவராக இருப்பீர்கள் என்று நினைத்துச் சொல்கிறேன். என் பதில் 1951-இல் வந்த லான்சியா அவுரேலியா பி20 ஜிடி.

இந்தக் காரால் எனக்கு ஒரு பழைய காயம் உண்டு. இறுதியாண்டு வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், எஞ்சின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரான்ஸ்மிஷன் பற்றிக் கேட்டார்கள். கிளட்ச், கியர்பாக்ஸ், சக்தியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் மூன்றையும் சேர்த்துப் பின்பக்கம் வைத்த கார் ஒன்று உண்டு என்றேன். வெளிக் கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர், "கிளட்ச் எங்கேயாவது பின்னால இருக்குமாப்பா? புக்ல இருக்கறதைச் சொல்லு" என்றார். படம் போட்டுக் காட்டுகிறேன் சார் என்றேன். வேண்டாம், போ என்றுவிட்டார்.

பல வருடம் கழித்து வேலைக்காக இத்தாலியின் டூரின் போனேன். ஊருக்கு வெளியே ஒரு பட்டறையில் பி20 ஒன்று லிஃப்டில் ஏறி நின்றது. அனுமதி கேட்டு அடியில் போய் நின்றேன். அன்று நான் வரைய நினைத்தது அப்படியே தலைக்கு மேல் இருந்தது. பின் பிரேக் டிரம்கூடச் சக்கரத்தில் இல்லை, டிஃபரன்ஷியலை ஒட்டி உள்ளே இருக்கிறது. பள்ளத்தில் சக்கரத்தோடு துள்ளும் எடை அவ்வளவு குறையும். கிளட்ச் பின்னால் போய்விட்டதால் நடுவில் இருக்கும் ஷாஃப்ட் எஞ்சின் வேகத்திலேயே சுற்றும். அதை அதிராமல் ஓட வைப்பது லேசுப்பட்ட வேலையா? கண் கலங்கிவிட்டது எனக்கு.

எஞ்சினும் அப்படித்தான். தொடர் உற்பத்திக்கு வந்த உலகின் முதல் வி6 (V வடிவில் இரண்டு வரிசையாக ஆறு சிலிண்டர்) அவுரேலியாவினுடையது. விட்டோரியோ யானோவின் தலைமையில் பிரான்செஸ்கோ தெ விர்ஜிலியோ வடிவமைத்தது. இரண்டு வரிசைக்கும் நடுவே 60 டிகிரி கோணம், பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு ஒவ்வொன்றுக்கும் தனி கிராங்க் பின். அதனால் கிராங்க் ஷாஃப்ட் 120 டிகிரி சுற்றுவதற்கு ஒரு தடவை ஏதாவதொரு சிலிண்டரில் சீராக வெடிக்கும்.

ஃபெராரி ரசிகர்கள் கோபப்பட வேண்டாம், அவர்களுடைய வி12-ஐ நான் குறை சொல்லவில்லை. ஆனால் இத்தாலியின் நெடுஞ்சாலைப் பந்தயமான மில்லே மில்யாவில், 1951-இல், வில்லோரேசியின் 4.1 லிட்டர் ஃபெராரிக்கு அடுத்து இரண்டாவதாக வந்தது ஜொவான்னி பிராக்கோ ஓட்டிய 2 லிட்டர் பி20. பின்பக்க கியர்பாக்ஸ் ஆல்ஃபா ரோமியோவின் 158 ரேஸ் காரிலேயே இருந்ததே என்பீர்கள். தெரியும். நான் பேசுவது பெட்டி படுக்கையோடு ஊருக்குப் போகிற காரைப் பற்றி. வளைவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் காரின் பின்பக்கம் வழுக்கி வெளியே போகும் என்பதும் உண்மைதான். 1954-இல் பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரு குழாயால் இணைக்கும் டி டியோன் அச்சு வைத்து அதைச் சரிசெய்தார்கள்.

எழுத்துத் தேர்வு என்றால் மறுமதிப்பீடு கேட்கலாம். வைவாவுக்கு யாரிடம் போய்க் கேட்பது? அன்று போட்ட மதிப்பெண் இன்றும் என் மார்க் ஷீட்டில் அப்படியே இருக்கிறது.