வாசகர் கேள்வி பதில்: பிளேட்டில் தெரியும் நிறமும் தெரியாத பெயரும்

கோபிசெட்டிபாளையம் வாசகி: லேப் டெக்னீசியன் படிக்கிறேனுங்க. பாக்டீரியா வளர்க்கிற மெக்கான்கி பிளேட்டுல இ.கோலை, கிளெப்சியெல்லாங்கிற ரெண்டு பாக்டீரியாவுமே இளஞ்சிவப்பாத்தான் வருது. பார்த்தே பிரிக்க முடியுமுங்களா?

ஓரளவு முடியும். நிறத்தை விட்டுவிட்டு மேற்பரப்பைப் பாருங்கள். இரண்டுமே லாக்டோஸைப் புளிக்கவைத்து அமிலம் உண்டாக்குவதால் பிளேட்டில் உள்ள நியூட்ரல் ரெட் என்ற நிறங்காட்டி சிவக்கிறது. நிறம் அதற்கு மேல் எதுவும் சொல்லாது. இ.கோலை காலனி (பாக்டீரியா கூட்டமாக வளர்ந்த புள்ளி) தட்டையாக, உலர்ந்து, 2–3 மி.மீ. இருக்கும், பித்த உப்பு படிந்து சுற்றிலும் மங்கலாக ஒரு வளையம் தெரியும். கிளெப்சியெல்லா பெரிதாக எழும்பி, கொழகொழவென்று பக்கத்துக் காலனியோடு ஒட்டிக்கொள்ளும். லூப்பால் (கம்பி வளையம்) தொட்டு மெல்லத் தூக்கினால் வெண்டைக்காய்க் கொழகொழப்புப் போலப் பெரும்பாலும் நூல் வரும். சந்தேகம் தீராவிட்டால் இஎம்பி என்ற இன்னொரு வகைப் பிளேட்டில் போடுங்கள். இ.கோலை பொன்வண்டு முதுகுபோலப் பச்சையாக மினுங்கும். ஆனால் கொழகொழப்பான இ.கோலையும் உண்டு. இண்டோல், சிட்ரேட் சோதனைகளைப் பார்க்காமல் ரிப்போர்ட்டில் பெயர் எழுதாதீர்கள்.

பிளேட் முழுக்கவே வழுவழுப்பாகத் தெரிந்தால் கோளாறு ஈரத்தில் இருக்கலாம். அகாரை (பிளேட்டில் உறையும் வளர்ப்புக் கூழ்) சூட்டோடு ஊற்றினால் மூடியில் நீர் கோத்துச் சொட்டும், காலனிகள் வழிந்து கலந்துவிடும். 45–50 டிகிரிக்கு ஆறவிட்டு, 90 மி.மீ. பிளேட்டுக்கு 15–20 மி.லி. ஊற்றுங்கள். உறைந்ததும் கவிழ்த்து, மூடியைச் சற்றே விலக்கி, 37 டிகிரியில் அரை மணி காயவையுங்கள்.

பல்லடம் வாசகர்: கறிக்கோழி எச்சத்தை, சால்மோனெல்லா பாக்டீரியாவைத் தேடுற எக்ஸ்எல்டி பிளேட்டுல போட்டோமுங்க. சிவப்புக் காலனி, நடுவுல கறுப்பு. சால்மோனெல்லான்னு எழுதிரலாமுங்களா?

வேண்டாம். பாக்டீரியா விடும் ஹைட்ரஜன் சல்ஃபைடு பிளேட்டில் உள்ள இரும்போடு சேர்வதால் வரும் கறுப்பு அது, புரோட்டியஸ் என்ற பாக்டீரியாவிலும் வரும். யூரியா அகாரில் போட்டால் புரோட்டியஸ் சில மணி நேரத்திலேயே ரோஜா நிறமாக்கிவிடும், சால்மோனெல்லா மாற்றாது. 18 முதல் 24 மணி நேரத்துக்குள் பிளேட்டைப் பார்த்துவிடுங்கள். விடுமுறையில் இன்குபேட்டரிலேயே கிடந்த பிளேட்டில் மஞ்சள் காலனிகளும் சிவப்பாகத் திரும்பியிருக்கும். எக்ஸ்எல்டியை ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தக் கலன்) வைக்கவே கூடாது. கொதி வந்து கரைந்ததும் இறக்குங்கள். அதிகம் சூடேறினால் கசடு படியும்.

கோழி சாம்பிளில் இன்னொரு சிக்கல். சால்மோனெல்லாவின் புல்லோரம், கேலினேரம் வகைகளில் கறுப்பு மங்கலாகவோ, இல்லாமலேயோ இருக்கும். அதனால் கறுப்பில்லாத சிவப்புக் காலனியையும் தள்ளிவிடாமல், நியூட்ரியன்ட் அகாரில் தனியாக வளர்த்து, டிஎஸ்ஐ (சர்க்கரையும் இரும்பும் கலந்த அகார்), யூரியா, பிறகு ஆன்டிசீரம் (கிருமியைத் திரளவைக்கும் சீரம்) என்று வரிசையாகப் பாருங்கள்.